பாலிமர் கான்கிரீட் எத்தனை காலம் உழைக்கும்? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தைச் சுற்றிக் கான்கிரீட் பழுதுபார்க்கும் வேலையில் பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஜவ்வரிசி ஆலைத் தரை, லாரிப் பட்டறைத் தளம், மோட்டார் பீடம், ஏற்காட்டுத் தோட்டத்துக் காப்பித் தொட்டி என்று எங்கே போனாலும் பாலிமர் கான்கிரீட் பற்றி வருவது ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். முன்பே சொன்ன விஷயம் திரும்ப வரும் இடத்தில் கேள்வி எண்ணை மட்டும் காட்டியிருக்கிறேன்.

1. எஸ்.பி.ஆர். பால் ஊத்திப் போடுறதும் பாலிமர் கான்கிரீட்டும் ஒண்ணுதானுங்களே?

இல்லைங்க. எஸ்.பி.ஆர். என்ற செயற்கை ரப்பர் பால் ஊற்றினாலும் கல்லையும் மணலையும் பிடித்து வைத்திருப்பது சிமெண்ட்தான். ரப்பர் பால் அதற்குத் துணை. நுண்துளைகளை அடைத்து, பழைய பரப்போடு ஒட்ட உதவும். அதைப் பாலிமர் சேர்த்த சிமெண்ட் கான்கிரீட் என்று சொல்லுங்கள்.

பாலிமர் கான்கிரீட்டில் சிமெண்டும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. எபாக்சி, பாலியெஸ்டர், வினைல் எஸ்டர், மெதில் மெதாக்ரிலேட் இவற்றில் ஏதோ ஒரு ரெசினும் (பிசின்) அதை இறுகவைக்கும் ஹார்டனரும்தான் ஜல்லி, மணல், பவுடரைப் பிணைக்கின்றன. எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு ரெசின், மற்றதெல்லாம் கல். இறுகிய சிமெண்ட் கான்கிரீட்டைக் காயவைத்து, அதற்குள் பாலிமரின் மூலத் திரவமான மோனோமரை ஊறவிட்டு உள்ளேயே பாலிமராக்கும் மூன்றாவது வகையும் உண்டு. 1960களில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் அதைத் தீவிரமாக ஆராய்ந்தார்கள். இங்கே தள வேலையில் நாம் தொடுவது முதல் இரண்டு வகைகளைத்தான். கீழே எழுதியிருப்பதெல்லாம் ரெசின் வகையைப் பற்றியது.

2. சாதா கான்கிரீட்டைவிட எத்தனை மடங்கு பலம்?

எந்தப் பலம் என்பதைப் பொறுத்தது. எம்30 கான்கிரீட்டின் அமுக்க வலிமை 30 மெகாபாஸ்கல். நல்ல பாலிமர் கான்கிரீட் 70 முதல் 100 வரை போகும். வளைவில் வித்தியாசம் இன்னும் பெரிது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 தரும் சூத்திரப்படி எம்30 வளைவில் தாங்குவது 3.8 மெகாபாஸ்கல்தான்; பாலிமர் கான்கிரீட் 15 முதல் 25 வரை தாங்கும். அதுவும் 28 நாள் காத்திருக்க வேண்டாம், ஒரே நாளில் பெரும்பங்கு வந்துவிடும்.

இதைக் கேட்டதும் "அப்போ தடிமனைப் பாதியாக்கிடலாமா?" என்பார்கள். கூடாது. வலிமை ஏறுகிற அளவுக்கு விறைப்பு ஏறுவதில்லை. விறைப்பைக் காட்டும் மீள்மைக் குணகம் பாலிமர் கான்கிரீட்டில் சிமெண்ட் கான்கிரீட் அளவில்தான் இருக்கும், பல நேரம் அதற்கும் கீழே. தடிமன் பாதியானால் வளைவு விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும். பலகை உடையாது, ஆனால் அதிகமாக வளையும். கால்வாய் மூடி போட்டவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் இது.

3. பலம் சரி சார், "ஃபெட்டீக்"னு ஒண்ணு சொல்றீங்களே, அது என்ன?

தமிழில் அயர்வு என்று சொல்லலாம். கொலுசின் கொக்கியைப் பாருங்கள். ஒரு தடவை வளைத்தால் ஒன்றும் ஆகாது. தினமும் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தால் ஒருநாள் கையோடு வந்துவிடும். அன்று நீங்கள் கொடுத்த விசை முதல் நாள் கொடுத்ததைவிடக் கூடுதல் இல்லை. ஒரே தடவையில் உடைக்கப் போதாத சுமை, லட்சக்கணக்கான தடவை வந்து உடைப்பதுதான் அயர்வு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியில் ரயில் அச்சுகள் இப்படி முறிந்தபோது அகஸ்ட் வோலர் என்ற பொறியாளர் முறையாகச் சோதித்தார். எவ்வளவு அழுத்தம் கொடுத்தால் எத்தனை சுற்றில் (சுமை ஒருமுறை ஏறி இறங்குவது ஒரு சுற்று) முறிகிறது என்று பட்டியல் போட்டார். பிற்பாடு அதை வரைபடமாக்கினார்கள். கான்கிரீட்டுக்கும் இன்றுவரை அந்த வரைபடத்தைத்தான் போடுகிறோம். கான்கிரீட்டில் வேறுபாடு என்னவென்றால், பிறக்கும்போதே ஜல்லியைச் சுற்றி நுண்வெடிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு சக்கரமும் அவற்றை ஒரு நூல் நீட்டிவிட்டுப் போகிறது.

4. டெஸ்ட் ரிப்போர்ட்ல 20 லட்சம் சுத்து தாங்குச்சுன்னு இருக்கு. அது எத்தனை வருஷம்?

சுற்றை வருடமாக்க, உங்கள் இடத்தில் எத்தனை அச்சு கடக்கிறது என்று எண்ண வேண்டும். ஒரு பட்டறை வாசலில் நாளைக்கு 100 அச்சு என்றால் 20 லட்சத்துக்கு 20,000 நாள், அதாவது சுமார் 55 வருடம். நாளைக்கு 1,000 அச்சு கடக்கும் எடைமேடை வாசலில் ஐந்தரை வருடம். கன்னியாகுமரியிலிருந்து வடக்கே போகும் தேசிய நெடுஞ்சாலை 44ம் கொச்சிப் பக்கம் போகும் 544ம் சேலத்தில்தான் சேருகின்றன. அந்த ரோட்டில் 20 லட்சம் என்பது பெரிய எண்ணே இல்லை.

கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: அந்த 20 லட்சம் எந்த அழுத்தத்தில்? நிலை வலிமையில், அதாவது ஒரே தடவையில் உடைக்கும் அழுத்தத்தில், எத்தனை விழுக்காட்டில்? அது எழுதாத ரிப்போர்ட்டை நான் கையில் வாங்குவதில்லை.

5. பத்து பெர்சன்ட் கூட ஏத்தினா என்னங்க ஆயிடப் போகுது?

ஆயுள் ஆறில் ஒன்றாகிவிடலாம். கான்கிரீட் சாலை வடிவமைப்புக்கான இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 58 விதி இதைச் சூத்திரமாகவே தருகிறது. சுமையால் வரும் வளைவு அழுத்தத்தை வளைவு வலிமையால் வகுத்தால் வருவது அழுத்த விகிதம். அது 0.45க்குக் கீழே இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 0.50 என்றால் சுமார் 7,62,000 தடவை. 0.55 என்றால் சுமார் 1,24,000. 0.65க்குப் போனால் எட்டாயிரத்தைக்கூடத் தொடாது.

0.50க்கும் 0.55க்கும் நடுவே இருப்பது வெறும் பத்து விழுக்காடு. 2018ல் நான்கு டயர் தனி அச்சுக்கான சட்ட வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்கள். அதற்கு முன் கட்டிய தளங்களை இந்தக் கணக்கோடு ஒருமுறை பார்ப்பது நல்லது. இவை சிமெண்ட் கான்கிரீட்டுக்கான எண்கள். பாலிமர் கான்கிரீட்டில் எண்கள் மாறும், ஆனால் கோடு சரியும் விதம் அதேதான். சுமை கொஞ்சம் ஏறினால் ஆயுள் சரசரவென்று இறங்கும்.

6. அப்ப பாலிமர் கான்கிரீட் அயர்வைக் கூடுதலா தாங்குதுன்னு சொல்றது பொய்யா?

பொய்யில்லை, ஆனால் பாதிதான் சொல்கிறார்கள். விழுக்காட்டில் பார்த்தால் இரண்டும் பக்கத்துப் பக்கம்தான். சிமெண்ட் கான்கிரீட் ஒரு கோடிச் சுற்றுக்கு நிலை வலிமையில் ஏறத்தாழ 55 விழுக்காட்டைத் தாங்கும் என்பது பழைய கணக்கு. ரெசின் கான்கிரீட்டுக்கு 20 லட்சம் சுற்றில் பாதிக்கு மேல், 60க்குப் பக்கம் வரை என்று ஆய்வக முடிவுகள் வருகின்றன. ரெசினும் ஜல்லியும் மாறினால் இதுவும் மாறும்.

எதன் விழுக்காடு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 3.8ல் பாதி 1.9. 18ல் பாதி 9. ஒரே லாரி அதே அளவு அழுத்தம் தரும்போது, சிமெண்ட் தளம் தன் எல்லையை ஒட்டி உழைக்கிறது. ரெசின் தளம் எல்லைக்கு வெகு கீழே உழைக்கிறது. அதனால்தான் நான் பார்த்த தோல்விகளில் பாலிமர் கான்கிரீட் தன் உடம்பில் அயர்ந்து உடைந்தது மிக அரிது. தோற்றவை ஒட்டு விட்டன, வெயிலில் இளகின, அல்லது ஈரத்தில் கெட்டன. இந்தப் பக்கத்தில் மீதி இருப்பது பெரும்பாலும் அந்த மூன்றைப் பற்றித்தான்.

7. சேலத்து வெயில் தாங்குமுங்களா?

நிழலில் தாங்கும். வெட்டவெளியில் யோசித்துத்தான் போட வேண்டும். சாதாரண வெப்பத்தில் இறுகும் எபாக்சிகள் பல, 45 முதல் 60 டிகிரிக்குள் கண்ணாடித் தன்மையை விட்டு ரப்பர் தன்மைக்கு மாறத் தொடங்கிவிடும். சித்திரையில் இங்கே காற்றே 40 டிகிரியை ஒட்டும். கருத்த தரையின் மேற்பரப்பு 60ஐத் தொடும். 27 டிகிரியில் எடுத்த வலிமைச் சான்றை வைத்துக்கொண்டு 60 டிகிரியில் லாரி ஏற்ற முடியாது. 6ஆம் பதிலில் சொன்ன விழுக்காடு எந்த வலிமையின் விழுக்காடு? அந்த வெப்பநிலையில் இருக்கும் வலிமையின் விழுக்காடு. வலிமை குறைந்தால் அயர்வு எல்லையும் சேர்ந்தே இறங்கும்.

இன்னொரு தொல்லை ஊர்தல். சுமை நகராமல் அப்படியே உட்கார்ந்திருந்தால் ரெசின் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும். சிமெண்ட் கான்கிரீட்டைவிட இரண்டு மூன்று மடங்கு ஊர்தல் சகஜம், சூட்டில் இன்னும் கூடும். மோட்டார் பீடத்தில் போல்ட்டை இறுக்கிவிட்டுப் போவீர்கள், கோடை முடிந்து வந்தால் நட்டு தளர்ந்திருக்கும். அதற்குப் பிறகு மோட்டார் அதிர ஆரம்பிக்கும், அந்த அதிர்வு அயர்வைக் கூட்டும். ஒன்று இன்னொன்றை இழுத்துவரும்.

செய்யக்கூடியவை உண்டு. சப்ளையரிடம் 50 டிகிரியில் எடுத்த வலிமையைக் கேளுங்கள். முன்கூட்டி வார்க்கும் பொருளென்றால் இறுகிய பிறகு சில மணி நேரம் 60 முதல் 80 டிகிரியில் வைத்தால் அந்த மாறும் வெப்பநிலையே மேலே ஏறும். வெளிர் நிறம் போடுங்கள். ஜவ்வரிசி காயவைக்கும் களத்துக்கு மட்டும் ரெசின் கேட்காதீர்கள். நாள் முழுக்க வெயிலில் கிடப்பதற்கென்றே கட்டிய இடம் அது.

8. பழைய தரை மேல ரெண்டு இஞ்ச் ரெசின் கான்கிரீட் போட்டோம். நாலாம் வருஷம் ஓரமெல்லாம் தூக்கிடுச்சு. கலவையில கோளாறா?

கலவை நன்றாகவே இருந்திருக்கலாம். தடிமன்தான் தப்பு. ஒரு டிகிரி சூட்டுக்குச் சிமெண்ட் கான்கிரீட் மீட்டருக்குச் சுமார் 10 மைக்ரான் நீளும். ரெசின் கான்கிரீட் 15, 20 என்று நீளும்; ரெசின் அதிகமான கலவை அதற்கும் மேலே. வித்தியாசம் 10 என்று வையுங்கள். விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் தளத்தில் 25 டிகிரி மாறினால் மீட்டருக்கு 250 மைக்ரான் இழுபறி. மீள்மைக் குணகம் 15 ஜிகாபாஸ்கல் என்றால் அது 3.75 மெகாபாஸ்கல் அழுத்தம். இந்த இழுபறி முழுவதும் ஓரத்தில் வந்து ஒட்டுமுகத்தைக் கிளப்பப் பார்க்கும். கீழே இருக்கும் பழைய கான்கிரீட்டை நேராக இழுத்தால் ஒன்றரை, இரண்டு மெகாபாஸ்கலில் பிய்ந்துவிடும்.

இதுவும் அயர்வுதான். லாரி தருவது இல்லை, சூரியன் தருவது. நாளைக்கு ஒரு சுற்று, நாலு வருடத்தில் 1,460 சுற்று. லாரிக் கணக்கில் அற்பமான எண். ஆனால் ஒவ்வொரு சுற்றும் எல்லைக்கு மிக அருகில் நடக்கிறது. 5ஆம் பதிலில் 0.65ல் எட்டாயிரம்கூட வராது என்றதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மேலே போடும் அடுக்கு மெல்லியதாக, பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். கொஞ்சம் நெகிழும் ரெசினை எடுங்கள், விறைப்பு குறைந்தால் இழுபறியும் குறையும். கலிஃபோர்னியாவில் பாலங்களின் மேல் 1980களிலிருந்து போடும் பாலியெஸ்டர் அடுக்குகளும் மெல்லியவைதான், ரெசினும் நெகிழும் வகை. ஓரத்தைச் சீவி முடிக்காமல் பழைய தளத்தில் காடி வெட்டி அதற்குள் இறக்கி முடியுங்கள். பழைய இணைப்புகளை மூடிவிடாமல் அதே இடத்தில் மேலேயும் வெட்டிவிடுங்கள்.

9. ஏற்காட்டுல குளுகுளுன்னு இருக்கு. அங்க போட்டா இந்தப் பிரச்சினையே இல்லையே?

வெயில் பிரச்சினை குறைவு. பதிலுக்குப் பனி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் தரைக்கே இறங்கிவிடும். தளம் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். ஆனால் தளத்தின் சூடு பனிநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி மேலே இல்லாவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் நிற்கும். ரெசின் அந்தப் படலத்தைத்தான் பிடித்துக்கொள்ளும், கான்கிரீட்டைப் பிடிக்காது.

இதை நான் கற்றது என் தவறில். ஒரு தோட்டத்தில் பழம் பறிப்பு தொடங்குமுன் காப்பி கழுவும் தொட்டியை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று அவசரம். காலை பத்து மணிக்கு, மூடுபனி விலகாத நேரத்தில் எபாக்சி போட்டேன். மறுநாள் மேலே வெள்ளையாக, பிசுபிசுப்பாக ஒரு படலம். ஈரமும் கரியமில வாயுவும் ஹார்டனரோடு வினைபுரிந்ததால் வந்தது. அதைக் கழுவித் தேய்க்காமல் இரண்டாம் பூச்சும் போட்டேன். தை மாதத்துக்குள் இரண்டாம் பூச்சு அப்பளம் மாதிரி எழும்பி வந்தது. அவர்களுக்கு ஒரு பறிப்புக் காலமே சிரமமாகிப் போனது. முழுவதையும் உரித்து என் செலவில் மாசியில் திரும்பப் போட்டேன். அன்றிலிருந்து ஈரப்பத மானி இல்லாமல் மலை ஏறுவதில்லை.

10. ஜல்லி, மணல் காயணும்னா எந்த அளவுக்குங்க?

எடையில் ஈரம் அரை விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வாணலியில் சரியாக ஒரு கிலோ மணலை வறுத்து ஆறவைத்து எடை போடுங்கள். 5 கிராமுக்கு மேல் குறைந்தால் மறுபடி காயவையுங்கள். கிரஷர் தூசும் முக்கியம். சேர்வராயன் பக்கத்து சார்னகைட் கருங்கல் அருமையான கல், ஆனால் தூசியோடு போட்டால் ரெசின் தூசியில் ஒட்டிக்கொண்டு கல்லைத் தொடாது. கழுவி, காயவைத்து, சலித்துப் போடுங்கள். ஈரக்கல்லில் போட்ட கலவை முதல் நாள் சோதனையில் நன்றாகவே தெரியும், அயர்வில்தான் காட்டிக்கொடுக்கும்.

11. ஜவ்வரிசி மில் தரையை சிமெண்ட்ல எத்தனை தடவை போட்டாலும் அரிச்சிடுதே, ஏன்?

கிழங்குப் பாலின் கழிவுநீர் தேங்கினால் புளிக்கும். மாவும் சர்க்கரையும் லாக்டிக் அமிலம் போன்றவையாக மாறும். சிமெண்ட் காரம், அமிலம் அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு போகும். பிறகு மணல் உதிரும், ஜல்லி பல் காட்டும், தள்ளுவண்டிச் சக்கரம் ஒவ்வொரு ஜல்லி மேலும் ஏறி இறங்கி இடிக்கும். அரிப்பு பள்ளம் செய்கிறது, பள்ளம் சுமையை மோதலாக்குகிறது.

இங்கே ரெசின் கான்கிரீட் தன் விலைக்கு உழைக்கும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். நிழல் உண்டு, தொடர்ந்த ஈரமும் புளிப்பும் உண்டு, சுமை மிதமானது. அடித்தளம் மட்டும் நன்றாகக் காய வேண்டும். மில் ஓடாத மாதங்களில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். வாட்டம் சரியாக எடுத்து நீர் தேங்காமல் பார்ப்பதில்தான் பாதி ஆயுள் இருக்கிறது.

12. நம்ம ஊர் வெள்ளைக்கல் பவுடர் மலிவா கிடைக்குது. ஃபில்லரா போட்டுக்கலாமா?

காய்ந்த மோட்டார் பீடத்துக்கானால் யோசிக்கலாம். அமிலம் படும் தரைக்கு வேண்டாம். சேலத்தை ஒட்டிய சுண்ணாம்புக் கரடு என்ற குன்றுகளின் வெள்ளைக்கல் மேக்னசைட். அது மக்னீசியம் கார்பனேட், அமிலத்தில் கரையும். அங்கேயே கிடைக்கும் டியூனைட் கல்லும் அமிலத்துக்கு நிற்காது. ரெசின் நிற்கும், அதற்குள் இருக்கும் பவுடர் கரைந்து துளைத்துளையாகும். குவார்ட்ஸ் பவுடர் நல்லது. மேட்டூர் அனல் மின்நிலையச் சாம்பலும் உருண்டை மணியாக இருப்பதால் கலவையை இளக்கி ரெசினை மிச்சப்படுத்தும். ஈரச் சாம்பலை மட்டும் வாங்காதீர்கள்.

13. கொலுசுப் பட்டறைக்கு எபாக்சி போதுமா?

நைட்ரிக் அமிலம் புழங்கும் மேசைக்கும் தொட்டிக்கும் போதாது. அது எபாக்சியை ஆக்சிகரித்துத் தின்றுவிடும். நீர்த்த நைட்ரிக்குக்கு வினைல் எஸ்டர் மேல். அடர் அமிலம் சிந்தினால் எதுவாக இருந்தாலும் உடனே கழுவ வேண்டும்.

14. கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒண்ணா கலந்து வச்சுக்கிட்டா வேலை சீக்கிரம் ஆகுமே அண்ணே?

தம்பி, அதை ஒருநாளும் செய்யாதே. பாலியெஸ்டர், வினைல் எஸ்டர் ரெசினுக்குப் போடும் மெதில் எதில் கீட்டோன் பெராக்சைடும் கோபால்ட் ஆக்சிலரேட்டரும் நேராகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலக்கி முடி. பிறகுதான் பெராக்சைடு. இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதே. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கையுறை இல்லாமல் டப்பாவைத் திறக்காதே.

சூடு பத்து டிகிரி ஏறினால் கலவை கைக்கு வேலை தரும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். கோடையில் விடியற்காலையில் சின்னச் சின்னக் கலவையாகப் போடு.

15. வீட்டுத் தூண், பீமுக்கு இதையே போட்டா என்ன?

வேண்டாம். தீ வந்தால் ரெசின் இளகும், எரியும், புகையும். 7ல் சொன்ன ஊர்தலும் சேரும். தவிர ஒரு கன மீட்டருக்கு 250 கிலோ அளவுக்கு ரெசின் பிடிக்கும், அதன் கிலோ விலை சிமெண்டைவிடப் பல மடங்கு.

16. சார், காலேஜ் பிராஜெக்ட். மெஷின் 10 ஹெர்ட்ஸ் ஓடும். சீக்கிரம் முடிக்க அதுலயே ஃபெட்டீக் டெஸ்ட் பண்ணலாமா?

சிமெண்ட் கான்கிரீட்டுக்கு அந்த வேகம், அதாவது விநாடிக்கு 10 சுற்று, பெரிய தப்பில்லை. ரெசின் கான்கிரீட்டில் கவனம் தேவை. ஒவ்வொரு சுற்றிலும் ரெசின் கொஞ்சம் ஆற்றலைச் சூடாக விழுங்கும், அந்தச் சூடு வெளியேற வழி குறைவு. மாதிரி உள்ளே சூடாகி இளகி முறிந்தால் நீங்கள் அளந்தது அயர்வை இல்லை, சூட்டை. மாதிரியின் பக்கத்தில் சூட்டை அளக்கும் ஒரு தெர்மோகப்பிளை ஒட்டுங்கள். சில டிகிரிக்கு மேல் ஏறினால் வேகத்தைக் குறையுங்கள். வேகம் மிகக் குறைந்தால் எதிர்ப்பக்கத்தில் ஊர்தல் வந்து கலக்கும்; அதனால் எந்த வேகம் என்பதை முடிவோடு சேர்த்தே எழுத வேண்டும்.

ஒவ்வொரு அழுத்த அளவுக்கும் ஒரே மாதிரியை வைத்துக் கோடு போடாதீர்கள். அயர்வு முடிவுகள் ஒரே வார்ப்பிலேயே பல மடங்கு சிதறும். மூன்று அளவுக்கு ஐந்தைந்து மாதிரி இருந்தால் பேசலாம். நிலை வலிமையை அதே வயதில், அதே வெப்பத்தில் எடுங்கள். நம் ஊருக்கு உண்மையில் உதவும் ஆய்வு வேண்டுமா? பழைய கான்கிரீட் மேல் ஒட்டிய மாதிரிகளை 25க்கும் 60 டிகிரிக்கும் நடுவே சூடாக்கி ஆறவைத்து, ஒட்டுவலிமை எப்படிக் குறைகிறது என்று பாருங்கள். 8ஆம் கேள்வி கேட்டவருக்கு அதுதான் பதில் சொல்லும்.

17. எத்தனை வருஷம் கேரண்டி எழுதித் தருவீங்க?

தளத்தைப் பார்க்காமல் எந்த எண்ணும் எழுத மாட்டேன். வேலை முடிந்த ஏழாம் நாள் மூன்று இடத்தில் இழுப்புச் சோதனை செய்வோம். 1.5 மெகாபாஸ்கலுக்கு மேல் வர வேண்டும். பிய்ந்தால் பழைய கான்கிரீட்டுக்குள் பிய்ந்திருக்க வேண்டும், ஒட்டுமுகத்தில் இல்லை. முதல் கோடை முடிந்ததும் நானே வந்து சின்னச் சுத்தியால் தட்டிப் பார்ப்பேன், ஓரங்களிலும் மூலைகளிலும் முதலில். கணீரென்றால் சரி. பொத்தென்று கேட்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, கையகலமாக இருக்கும்போதே வெட்டி எடுத்துப் போட்டுவிடுவோம்.